மோராக்கைப் படுக்க வைத்த நாள்

1

மோராக் செத்து நேற்றோடு ஒரு வருஷம். மோராக் என்றால் மனிசி இல்லை. ஸ்கொட்லாந்து மலைநாட்டு மட்டக்குதிரை. இங்கே போனி என்பார்கள். என் நெஞ்சளவு உயரம், ஈரமணலின் நிறம், பிடரியில் தொடங்கி வால்வரை முதுகில் ஒரு கருங்கோடு. ஷாஃப்ஹவுசனுக்கு வெளியே, மேட்டுநிலத்தில் உள்ள ஒரு பண்ணையில் இப்படி ஐந்து போனிகளைப் பார்ப்பதுதான் என் வேலை. இப்போது நான்கு.

நேற்றும் ஐந்தரைக்கு எழும்பினேன். காய்ந்த புல் போட்டேன், சாணம் அள்ளினேன், தண்ணீர்த் தொட்டியைக் கழுவினேன். ஏழு மணிக்கு மேலே ஏறிப்போய்த் தர்சினியை எழுப்பி, தலை இழுத்துப் பின்னிவிட்டு, பாணும் சீஸும் கொடுத்தேன். ஒன்பது வயது. லாயத்துக்கு மேலே இரண்டு அறைகளில் நானும் அவளும் இருக்கிறோம். அது என்ன நாள் என்று அவளுக்குத் தெரியும். நாட்காட்டியை ஒருமுறை பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. "ச்சூஸ், அப்பா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் போய்விட்டாள்.

ச்சூஸ் என்றால் போயிட்டு வாறன் என்று அர்த்தம். ஆனால் அதில் வாறன் இல்லை.

ஊரில் இருக்கும் நண்பர்கள், சுவிஸ் எப்படி, பனி எப்படி, என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டு எழுதுகிறார்கள். பனியைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் இந்தப் போனியைப் பற்றி எழுதுகிறேன்.

2

நான் குதிரைக்காரன் இல்லை. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞனாக இருந்தவன். எண்பத்துநாலில் இங்கே வந்து சேர்ந்து, அகதி விசாரணைக்குப் போனபோது, பிறந்த இடம் எது என்று கேட்டார்கள். நெடுந்தீவு என்றேன். அது எப்படிப்பட்ட இடம் என்று கேட்டார்கள். சின்னத் தீவு, கல்வேலிகள், காட்டுக்குதிரைகள் நிற்கும் என்றேன். வெள்ளைக்காரர் விட்டுப்போன குதிரைகளின் வழிவந்தவை அவை. யாரும் ஏறுவதும் இல்லை, வளர்ப்பதும் இல்லை. பிறந்து மூன்று வருஷத்தில் அந்தத் தீவை விட்டு வந்தவன் நான். ஒரு குதிரையைக்கூடத் தொட்டதில்லை. எதிரே இருந்தவர் நான் சொன்னதைத் தட்டெழுத்தில் அடித்துக்கொண்டே போனார். மொழிபெயர்ப்பில் எந்த வார்த்தை எங்கே திரும்பியதோ, என் கோப்பில் 'குதிரை வளர்ப்பில் அனுபவம்' என்று ஏறிவிட்டது.

மூன்று மாதம் கழித்து வேலை செய்யலாம் என்று அனுமதி வந்தபோது, மற்றப் பெடியங்களை உணவகங்களுக்குப் பாத்திரம் கழுவ அனுப்பினார்கள். என்னை இந்தப் பண்ணைக்கு அனுப்பினார்கள்.

பண்ணைக்காரி மிஸிஸ் பிரண்ணர். ஸ்கொட்லாந்துக்காரி, ஒரு சுவிஸ்காரரைக் கட்டி முப்பது வருஷத்துக்கு முன் இங்கே வந்தவர். கணவர் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. கலியாணமாகி வரும்போதே ஊரிலிருந்து இரண்டு போனிகளை ரயிலேற்றிக் கொண்டுவந்தவராம். இப்போது நிற்பவை அவற்றின் பேரப்பிள்ளைகள். குளிர்காலத்தில் உழவு இயந்திரம் ஏற முடியாத காட்டுச் சரிவிலிருந்து விறகுத்தடிகளை இழுத்து வரும். வசந்தத்தில் குட்டி போடும். கோடையில் காட்சிக்குக் கொண்டு போவோம்.

முதல் நாள் அவர் ஆங்கிலத்தில் கேட்டார்: "நாதன், உங்களுக்குக் குதிரை பழக்கமாமே?"

"இல்லை மேடம். பிழையாய் எழுதிப்போட்டினம்."

அவர் லாயத்துக் கதவைத் திறந்துவிட்டார். "பரவாயில்லை. மோராக்குக்கு மனுசர் பழக்கம். அவள் உங்களுக்குச் சொல்லித் தருவாள்."

அது உண்மையாகவே நடந்தது. குளம்பைத் துப்புரவாக்கத் தெரியாமல் நான் காலைப் பிடித்துத் தடுமாறினால், மோராக் தானே காலைத் தூக்கித் தருவாள். சேணப்பட்டியைப் பிழையாகப் போட்டால் அசையாமல் நிற்பாள். சரியாகப் போட்ட பிறகுதான் நடப்பாள். என் ஆங்கிலமும் மிஸிஸ் பிரண்ணரின் ஸ்கொட்லாந்து ஆங்கிலமும் முட்டிக்கொண்ட இடங்களில்கூட மோராக்கோடு எனக்கு ஒரு தடங்கலும் இருக்கவில்லை. அவளோடு நான் தமிழில்தான் கதைத்தேன். பகல் முழுக்க நான் தமிழ் பேசியது அவளோடு மட்டும்தான்.

குட்டிகள் பிறந்தால் ஸ்கொட்லாந்துக்குப் பதிவுப் பத்திரம் அனுப்ப வேண்டும். கூட்டுறவுச் சங்கத்துக் கையெழுத்து அதற்கு உதவியது. தாய், தாயின் தாய், அவளின் தாய் என்று நான்கு தலைமுறைப் பெயர்களை நான்தான் கட்டத்துக்குள் அழகாக எழுதுவேன். அப்படி எழுதிய ஒரு கிழமையில்தான் என் அகதி விசாரணைக்காரர், என் பிறப்புச் சான்றிதழ் ஒரிஜினல் இல்லை என்று கடிதம் போட்டிருந்தார்.

3

நான் வெளிக்கிட்டபோது தர்சினிக்கு நாலு வயது. மனைவி பத்மாவையும் அவளையும் பத்மாவின் தகப்பனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். ஆறு மாதத்தில் கூப்பிடுவேன் என்று சொன்னேன். சொன்னபோது நம்பியும் இருந்தேன்.

பத்மாவின் தகப்பனார் பாரிசவாதம் வந்து ஒருபக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்தார். பத்மாவால் அவரை விட்டு அசைய முடியவில்லை. எண்பத்தாறில் நிலைமை மோசமாகி, பத்மாவின் தமையன் குடும்பத்தோடு வெளிக்கிட்டபோது, பிள்ளையாவது தப்பட்டும் என்று அவர்களோடு அனுப்பிவிட்டாள். அவர்கள் சுவிஸுக்கே வந்து, எம்மன்புரூக்கே என்ற ஊரில் தங்கினார்கள். பிள்ளையைக் கூட்டிவர நான் ரயிலில் போனேன்.

மச்சானின் மனைவி பிள்ளையின் தோளைப் பிடித்து முன்னால் விட்டு, "ஆரெண்டு தெரியுதோ? உங்கட அப்பா" என்றார். தர்சினி என் சப்பாத்தைப் பார்த்தாள். பிறகு மரியாதையாக, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வதுபோல, "வாங்கோ" என்றாள்.

பண்ணைக்கு வந்து முதல் இரண்டு கிழமை என்னோடு அவள் பேசியது ஓம், இல்லை இரண்டும்தான். மூன்றாம் கிழமை ஒரு மத்தியானம் லாயத்துக்குள் யாரோ கதைக்கும் சத்தம் கேட்டது. தர்சினி மோராக்கின் அறைக்குள், அதன் முன்கால்களுக்கு நடுவே குந்திக்கொண்டிருந்தாள். அம்மா கட்டித்தந்த பொட்டலத்தில் எள்ளுருண்டை வழியிலேயே முடிந்ததை, விமானத்தில் காது வலித்ததை, மாமி தன்னை அடித்ததை எல்லாம் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். மோராக் தலையைத் தாழ்த்திக் கேட்டுக்கொண்டு நின்றாள். எனக்குச் சொல்லாத எல்லாவற்றையும் நான் கதவுக்கு வெளியே நின்று தெரிந்துகொண்டேன்.

பத்மா கசெற்றில் பேசிப் பதிந்து அனுப்புவாள். "பிள்ளை, சாப்பிட்டீங்களோ?" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குக் கொஞ்ச நேரம் விடுவாள். பிறகு, "கெட்டிக்காரி" என்பாள். முதல் வருஷம் தர்சினி அந்த இடைவெளியில் கசெற் றேடியோவுக்குக் கிட்ட வாயை வைத்துப் பதில் சொல்வாள். பள்ளிக்கூடம் போகத் தொடங்கி ஒரு வருஷத்தில் அவளுக்குச் சுவிஸ் ஜேர்மன் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த இடைவெளிகளில் கசெற் ஓடும் சத்தம் மட்டும் கேட்கும்.

4

ஒரு நல்ல நாளும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும்.

எண்பத்தேழு கோடையில் போனிக் காட்சி ஒன்றுக்கு மோராக்கையும் அவளுடைய அந்த வருஷக் குட்டியையும் கொண்டு போவதாக இருந்தது. பிரித்தானியாவிலிருந்து நடுவர் வருகிறார். மிஸிஸ் பிரண்ணர் ஒரு கிழமையாக நித்திரையில்லாமல் திரிந்தார். தாயை நான் பிடிக்க, குட்டியைத் தர்சினி பிடித்து நடக்க வேண்டும். "நாளைக்கு மோராக் வடிவாய் இருக்க வேணும்" என்று எனக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

வடிவாக்கச் சொன்னால் எங்களுக்குத் தெரியாதா? நானும் தர்சினியும் பின்னேரம் முழுக்க மினக்கெட்டோம். எம்மன்புரூக்கேயிலிருந்து வந்த தேங்காயெண்ணெய் அரைப்போத்தல் இருந்தது. பிடரிமயிருக்கு எண்ணெய் வைத்து, சிக்கெடுத்து, பதினாறு பின்னல் பின்னினோம். தர்சினி தன்னுடைய சிவப்பு றிபனை வெட்டி நுனிகளில் கட்டினாள். பார்க்கப் பூப்புனித நீராட்டுவிழாப் பெண்போல நின்றாள் மோராக்.

காலையில் மிஸிஸ் பிரண்ணர் வந்து பார்த்தார். வாயில் கையை வைத்தார்.

"நாதன்! மலைநாட்டுப் போனிக்குப் பின்னல் பின்னக்கூடாது! மயிர் வளர்ந்தபடி, விரிந்தபடி இருக்க வேண்டும். இந்த எண்ணெய்... கடவுளே, இது என்ன எண்ணெய்?"

"தேங்காயெண்ணெய், மேடம்."

இரண்டு மணித்தியாலத்தில் வாகனம் வெளிக்கிட வேண்டும். மூன்று பேருமாக வாளி வாளியாக வெந்நீர் ஊற்றினோம். ஒரு முழுச் சவர்க்காரம் கரைந்தது. எண்ணெய் போனது, பின்னலின் நெளிவு போகவில்லை. மோராக்கின் பிடரி கடல் அலைபோல நெளிந்து கிடந்தது. தர்சினிதான் முதலில் சிரித்தாள். அவள் சிரித்ததைப் பார்த்து நான் சிரிக்க, மிஸிஸ் பிரண்ணர் நனைந்த உடுப்போடு வாளியின்மேல் குந்தியிருந்து கண்ணீர் வரச் சிரித்தார்.

நடுவர் மோராக்கைச் சுற்றி மூன்றுமுறை நடந்தார். காலைத் தடவினார், நடக்கவிட்டுப் பார்த்தார். பிடரியில் கையை வைத்துவிட்டு, மோந்தும் பார்த்தார். இரண்டாம் பரிசு. முதல் பரிசுக்குத் தர்சினி ஆசைப்பட்டாள், கிடைக்கவில்லை. ஆனால் திரும்பும்போது வாகனத்தில் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள். இந்த நாட்டுக்கு வந்தபிறகு முதல் தடவை.

5

அடுத்த வைகாசியில் மோராக்கின் கால் பழுதாகியது. மலையில் கல்லுக்கும் முள்ளுக்கும் நடுவே மேய்ந்து வாழப் பிறந்த சாதி அது. இங்கத்தைய வசந்தகாலப் புல் அதற்கு மிகையான சாப்பாடு. குளம்புக்குள் வீங்கிவிடும் என்று மிஸிஸ் பிரண்ணர் விளக்கினார். மருந்து கொடுத்தோம், ஈரமண்ணில் நிற்க வைத்தோம், புல்லைக் குறைத்தோம். முன்கால்களை நீட்டி, பின்னால் சாய்ந்து, வேதனையோடு நின்றாள். படுத்தால் எழும்ப முடியாது என்று பயந்தவள்போல இரவும் பகலும் நின்றபடியே இருந்தாள். "அவள் கொஞ்சம் படுத்தால் நல்லம்" என்று மிருக வைத்தியரே சொன்னதாக மிஸிஸ் பிரண்ணர் எனக்குச் சொல்லியிருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மிஸிஸ் பிரண்ணர் லாயத்துக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது.

"நாதன், வியாழக்கிழமை காலை வைத்தியர் வருகிறார். இனி வேறு வழியில்லை." அதற்குப் பிறகு அவர் சொன்ன ஆங்கிலச் சொல்: புட் டவுன்.

பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலம் எனக்கு. புட் என்றால் வைக்கிறது. டவுன் என்றால் கீழே. தோளில் நித்திரையான பிள்ளையைக் கட்டிலில் கிடத்துவதற்கும் இதே சொல்லை அவர் பாவித்து நான் கேட்டிருக்கிறேன். வைத்தியர் வந்து மோராக்கைப் படுக்க வைக்கப் போகிறார் என்று விளங்கிக்கொண்டேன்.

"நல்லது மேடம். அவளுக்கு ஆறுதலாய் இருக்கும்" என்றேன்.

"ஓம். ஆறுதலாய் இருக்கும்" என்று சொல்லி என் கையைப் பிடித்தார்.

பின்னேரம் தர்சினி கேட்டாள்: "மோராக்குக்கு என்ன செய்யப்போகினம் அப்பா?"

"வியாழக்கிழமை டொக்டர் வந்து படுக்க வைப்பார், குஞ்சு. பிறகு கால் நோகாது."

"நான் பாக்கலாமோ?"

"நீ பள்ளிக்கூடம் போயிட்டு மத்தியானம் வா. படுத்திருப்பா. பக்கத்தில இருந்து கதைக்கலாம்."

வியாழன் காலை அவள் பள்ளிக்கூடம் போனபிறகு, லாயத்தில் இருந்த புது வைக்கோலையெல்லாம் அவிழ்த்து, மோராக்கின் அறையில் முழங்காலளவுக்குப் பரப்பினேன். படுக்கும்போது எலும்பு குத்தக்கூடாது என்று கையால் அமத்திப் பார்த்தேன்.

மிஸிஸ் பிரண்ணர் வந்து அந்த வைக்கோலைப் பார்த்தார். அழத் தொடங்கிவிட்டார். "நீங்கள் நல்ல மனுசன், நாதன். ஆனால் உள்ளே வேண்டாம். லொறி உள்ளே வராது" என்றார். எதற்கு லொறி என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டிருக்கலாம். அவர் அழுதுகொண்டிருந்தார், கேட்க மனம் வரவில்லை. அவர் கத்தரிக்கோலால் மோராக்கின் நெற்றிமயிரில் ஒரு பிடி வெட்டி எடுத்ததையும் பார்த்தேன். அதுவும் விளங்கவில்லை.

மெல்ல மெல்லப் பின்முற்றத்துக்கு நடத்திக்கொண்டு போனேன். வைத்தியர், தலைக்கயிற்றைப் பிடிக்கும்படி சைகை காட்டினார். பெரிய ஊசி ஒன்றை எடுத்தார். நோவுக்கு ஊசி என்று நினைத்தேன். கழுத்தில் ஏற்றினார். மோராக் ஒரு பெருமூச்சு விட்டாள். கால்கள் தள்ளாடின. பயப்படப்போகிறாளே என்று அவளுடைய காதுக்குள், "படுங்கோ ராசாத்தி. படுங்கோ. ஒண்டுமில்லை, படுங்கோ" என்று சொன்னேன். முழங்கால் மடிந்து, பிறகு முழுசாகச் சரிந்தாள். தலையை நான் தாங்கி, மெதுவாகப் புல்லில் வைத்தேன். அவ்வளவு நல்லாகப் படுத்துவிட்டாளே என்று எனக்குச் சந்தோஷம்.

வைத்தியர் குனிந்து நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். பிறகு விரலால் அவளுடைய கண்ணைத் தொட்டார். கண் இமைக்கவில்லை.

அப்போதுதான் எனக்கு ஆங்கிலம் விளங்கியது.

6

இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவார்கள். பதினொரு மணிக்கு லொறி வந்து மோராக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. பன்னிரண்டுக்குத் தர்சினி, புத்தகப்பையோடு நேரே லாயத்துக்குள் ஓடினாள். காலைச் சாப்பாட்டுக்குக் கொடுத்த அப்பிளைத் தின்னாமல் மோராக்குக்கென்று கொண்டு வந்திருந்தாள். நான் வைக்கோல் பரப்பிய அறையின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

"எங்கே அப்பா?"

"மோராக் செத்துப்போனா, குஞ்சு."

"படுக்க வைக்கிறது எண்டு சொன்னியள்."

"மேடம் சொன்ன இங்கிலீஷுக்குச் சாகடிக்கிறது எண்டும் கருத்தாம், எனக்குப் பிழையாய் விளங்கிட்டுது. சத்தியமாய் எனக்குத் தெரியாது."

அவள் வீட்டுக்குள் போய் மிஸிஸ் பிரண்ணரிடம் சுவிஸ் ஜேர்மனில் கேட்டாள். நான் வெளியே நின்றேன். மிஸிஸ் பிரண்ணர் திகைத்துப்போய் ஏதோ சொன்னார். அப்பாவுக்குத் தெரியும், அதனால்தானே அவ்வளவு வைக்கோல் போட்டிருந்தார் என்று சொல்லியிருக்கிறார், பிறகு தெரிந்துகொண்டேன்.

தர்சினி திரும்பி வந்தாள். அவள் முன்னால் இரண்டு அப்பாக்கள் நின்றிருக்க வேண்டும். ஒருவன் தெரிந்துகொண்டே பொய் சொன்னவன். மற்றவன் ஒன்றும் விளங்காதவன். எட்டு வயதுப் பிள்ளை இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"டூ ஃபெர்ஷ்டோஷ் நூத்" என்றாள். உனக்கு ஒன்றும் விளங்குவதில்லை. அழவில்லை. தமிழிலும் சொல்லவில்லை. அப்பிளை வாசற்கட்டில் வைத்துவிட்டு மேலே போய்விட்டாள்.

அன்றைக்கு எனக்கு நெஞ்சு வெடித்தது. இப்போது யோசித்தால், அவள் என்னைப் பொய்யன் என்று எடுக்கவில்லையே, அதுவே பெரிய இரக்கம் என்று படுகிறது.

அந்த நாளுக்குப் பிறகு அவள் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கடிதம் வந்தால் அவள்தான் முதலில் வாசிப்பாள். தொலைபேசியை அவள்தான் எடுப்பாள். கடையில் நான் வாய் திறந்தால், "நில்லுங்கோ அப்பா, நான் கதைக்கிறன்" என்பாள். வைத்தியரிடம் என் முதுகு நோவைப் பற்றி அவள்தான் சொன்னாள். மிஸிஸ் பிரண்ணர் என்னோடு ஆங்கிலத்தில் பேசினால்கூட, பக்கத்தில் வந்து நின்று கவனிப்பாள்.

7

மாசியில் பத்மாவின் தகப்பனார் காலமானார். இனிப் பத்மா வரலாம். இங்கே கூப்பிட அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டோம். தர்சினிதான் ஜேர்மனில் எழுதினாள். மிஸிஸ் பிரண்ணர் திருத்திக் கொடுத்தார். பதில் வரவில்லை. போன கிழமை, பள்ளிக்கூடம் இல்லாத புதன் பின்னேரம், இரண்டு பேருமாகக் கன்டோன் அலுவலகத்துக்கு, அதாவது இங்கத்தைய மாகாண அரச அலுவலகத்துக்குப் போனோம்.

கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் கெட்டவர் இல்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கோப்பைத் தேடி எடுத்தார். வாசித்தார். என்னைப் பார்த்தார், பிறகு தர்சினியைப் பார்த்தார். வேறு யாரும் பெரியவர்கள் வந்திருக்கிறார்களா என்பதுபோல எங்களுக்குப் பின்னாலும் பார்த்தார். அதற்குப் பிறகு மெதுவாகச் சொன்னார். நீளமான வசனம். அதற்குள் ஒரு சொல் வந்தது: அப்கெலேண்ட்.

எனக்கு ஜேர்மன் தெரியாது. ஆனால் அந்தச் சொல் தெரியாத தமிழன் இந்த நாட்டில் இல்லை. பாணுக்கும் தண்ணிக்கும் சொல் படிக்க முதல் நாங்கள் படிக்கும் சொல் அது. நிராகரிக்கப்பட்டது.

தர்சினியின் தலை அந்த மேசையின் விளிம்புக்குக் கொஞ்சம் மேலேதான் இருந்தது. பிறகு அவள் வேறு ஏதோ கேட்டாள், வேகமாக, சுவிஸ் ஜேர்மனில். அவர் தலையை ஆட்டி இல்லை என்றார். இன்னொன்று கேட்டாள். அதற்கும் இல்லை. கடிதம் தபாலில் வரும் என்பதுபோலக் காற்றில் எழுதிக் காட்டினார்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"இன்னும் பாக்கினமாம், அப்பா. கொஞ்சக் காலம் எடுக்குமாம்."

"எவ்வளவு காலம்?"

"அது இப்ப சொல்ல ஏலாதாம்."

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கை மட்டும் மேசை விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது. நகங்கள் வெள்ளையாய்ப் போயிருந்தன. எனக்குத் தெரியும் பிள்ளை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் அந்தக் கையை என்ன செய்வாள் என்று தெரியவில்லை.

"சரி. அவருக்கு நன்றி சொல்லு" என்றேன்.

சொன்னாள். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்து, இன்றைக்கு என்ன சமைக்கலாம், உருளைக்கிழங்குக் கறி செய்வோமா, தான் வெங்காயம் வெட்டித் தருவேன் என்று வீடு வரும்வரைக்கும் கதைத்துக்கொண்டே வந்தாள். அதுவும் முழுக்கத் தமிழில்.

இரண்டு நாள் கழித்துக் கடிதம் வந்தது. நான் லாயத்தில் நின்று ஜன்னலால் பார்த்தேன். பள்ளிக்கூடத்தால் வந்தவள் தபால்பெட்டியைத் திறந்து, உறையைப் பிரிக்காமலே புத்தகப்பைக்குள் வைத்து, பையின் வாரை இழுத்துப் பூட்டினாள்.

"கடிதம் ஏதும் வந்ததோ?" என்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"இல்லை அப்பா."

"சரி, சாப்பிடு."

பத்மாவுக்கு அன்றைக்கே எழுதிவிட்டேன். விண்ணப்பம் சரிவரவில்லை, வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து மேன்முறையீடு செய்ய மிஸிஸ் பிரண்ணர் உதவுவதாகச் சொல்கிறார், மனத்தைத் தளரவிடாதே. பிள்ளைக்கு இது தெரியும். எனக்கும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியாது. நீ அவளுக்கு எழுதும்போது கெதியாய் வாறன் என்றே எழுது. தானாக ஒருநாள் அந்தக் கடிதத்தை எடுத்து என் முன்னால் வைக்கும்வரை, அவள் சுமக்க விரும்பினால் சுமக்கட்டும். அன்றைக்கு நான் அதை முதன்முறை கேட்பவன்போலக் கேட்டு, அவளுக்கு முன்னால் கொஞ்சம் அழவும் வேண்டும்.